நிதானமாக ஓட்டியவள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு மாணவர்களின் பெயர் மனதில் நிற்காது. அவரவர் வண்டி ஓட்டும் லட்சணத்தைப் பார்த்து அவரே ஒரு பெயர் வைத்துவிடுவார். பச்சை விளக்கு விழுவதற்கு முன்பே சீறிக்கொண்டு கிளம்பும் இளைஞன் ‘அவசரம்’. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகு “இங்க திரும்பணுமா?” என்று கேட்கும் பல் டாக்டர் ‘அடுத்த தெரு’. எதிரே லாரி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் அம்மாள் ‘கடவுளே’. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் ‘நிதானம்’.

அவளுக்கு வயது முப்பத்து நாலு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு எடுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே சுருக்கமில்லாமல் கொடுப்பது அவள் வேலை. துணியின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உள்ளே போகாவிட்டால் மொத்தமும் கோணிக்கொள்ளும். அந்தக் கை வண்டியிலும் அப்படியே இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் திரும்பும். சலவைக்கூடத்தை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்துக் கொட்டகை ஒன்றுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. அந்தப் பக்கம் போகும் முதல் பஸ் கிளம்புவதே ஆறரைக்கு. வேலை நிலைக்க வேண்டுமென்றால் கார் ஓட்டத் தெரிய வேண்டும். கணவர் உறைந்த உணவு வைக்கும் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர். அவருக்கும் ஓட்டத் தெரியாது. ஐந்து வயதில் ஒரு மகள், அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

எட்டு நொடிக்கு ஒரு தடவை கண்ணாடி பார்க்க வேண்டும் என்று முதல் நாள் மாஸ்டர் சொன்னார். எல்லோரிடமும் சொல்வதுதான். எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் பார்த்தாள். நடுக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, மறுபடி சாலை. உதடு லேசாக அசைவதைக் கவனித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது, அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

“எண்ண வேணாம்மா. பழகிட்டா தானா வரும்” என்றார்.

“பழகற வரைக்கும் எண்ணிக்கறேன் மாஸ்டர்” என்றாள் அவள்.

மாஸ்டர் அந்த நாட்டுக்கு ஆறு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். இப்போது ஐம்பத்திரண்டு. குடியுரிமை வாங்கி முப்பது வருடம் ஆகிறது. அந்த ஊர் மொழியை அந்த ஊர்க்காரர்களைப் போலவே பேசுவார். போனில் கேட்டவர்கள் நேரில் பார்த்ததும் ஒரு கணம் தயங்குவது அவருக்குப் பழக்கம்தான். மனைவியின் தம்பி, சுவருக்கு வண்ணம் பூசும் தொழில் செய்கிறவன், அடிக்கடி கிண்டல் செய்வான்: “மாமா, போன்ல நீங்க இந்த ஊர்க்காரர். நேர்ல வந்தாதான் வெளியூர்.” மாஸ்டரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருடம் புதுச் சட்டம் ஒன்று வந்தது. சாலையில் ஏதோ ஒரு காரணத்துக்காக வண்டியை நிறுத்தும் போலீஸ்காரருக்கு ‘நியாயமான சந்தேகம்’ எழுந்தால், உள்ளே இருக்கிற எல்லோரிடமும் அந்த நாட்டில் இருப்பதற்கான பத்திரத்தைக் கேட்கலாம். இல்லாதவர்களைக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைக்கலாம். நிறமோ முகமோ பேச்சோ சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது என்று அமைச்சர் தொலைக்காட்சியில் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். மாஸ்டர் அதை நம்பினார். விதியைக் கற்றுக்கொடுத்துச் சாப்பிடுகிறவர் அவர். விதியை நம்பாமல் அவரால் எப்படி இருக்க முடியும்? “தப்பு பண்ணாதவனுக்கு என்னடா பயம்?” என்று மைத்துனனிடம் சொன்னார்.

அடுத்த இரண்டு மாதத்தில் அவர் வண்டியை ஐந்து முறை நிறுத்தினார்கள். ஒரு முறை பின் விளக்கு மங்கல் என்றார்கள். ஒரு முறை நிறுத்தக் கோட்டில் அளவுக்கு மேல் நேரம் நின்றதாகச் சொன்னார்கள். இன்னொரு முறை கூரையில் இருந்த எல் போர்டு சாய்ந்திருக்கிறதாம். எதற்கும் அபராதம் போடவில்லை. கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: இங்கேதான் இருக்கிறீர்களா, எத்தனை வருடமாக? அவரைப் போலவே ஒற்றைக் கார் வைத்து, அதே போர்டு மாட்டி, அதே சாலைகளில் கற்றுக்கொடுக்கும் அந்த ஊர்க்கார மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் பார்த்துப் பன்னிரண்டு வருடப் பழக்கம். உங்களை எத்தனை தடவை நிறுத்தினார்கள் என்று நம் மாஸ்டர் கேட்டார். அந்த மனிதர் காலணியைப் பார்த்தபடி, தன்னை இன்னும் நிறுத்தவில்லை என்றார். பிறகு, ஏதோ சோதனைக்காகச் செய்கிறார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

ஐந்தாவது முறை நிறுத்தியது அவசரத்தின் வகுப்பில். அந்தப் பையன் அதைச் சிரிக்கச் சிரிக்க எல்லோரிடமும் சொல்லி, நிதானத்தின் காதுக்கும் வந்துவிட்டது. அன்று வகுப்பு முடிந்தும் அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். கணவரின் வேலை அனுமதியோடு சேர்ந்ததுதான் அவளுடைய அனுமதியும். அது முடிந்து நாலு மாதமாகிறது. முடிவதற்கு முன்பே புதுப்பிக்க மனு கொடுத்துவிட்டார்கள், ரசீது இருக்கிறது. பதில் வரும்வரை ரசீதே போதும் என்றுதான் பழைய விதி. புதுச் சட்டத்தில் ரசீதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார்.

“பதில் வர்ற வரைக்கும் கிளாஸை நிறுத்திக்கட்டுமா மாஸ்டர்?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணலையேம்மா. ரசீது இருக்கு. பக்கத்துல நான் இருக்கேன். அப்புறம் என்ன?”

சும்மா தைரியத்துக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். தன் பேச்சும் தன் முப்பது வருடமும் அவளுக்கும் குடை பிடிக்கும் என்று அவர் நினைத்தார்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை, அவளுக்கு வேலை இல்லாத நாள். மதியம் ஒரு மணி வகுப்பு. குடியிருப்புகளுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தெருக்களிலேயே ஓட்டிவிடலாமா என்று அவள் கேட்டாள். தேர்வில் பெரிய சாலையையும் அதன் ரவுண்டானாவையும் தாண்டித்தான் போகச் சொல்வார்கள், இப்போது பழகாவிட்டால் அன்றைக்குக் கை நடுங்கும் என்று மாஸ்டர் சொன்னார். அவள் இண்டிகேட்டர் போட்டுப் பெரிய சாலையில் ஏறினாள்.

ரவுண்டானாவை அவள் சுற்றி வந்த அழகைப் பார்த்து அவர் தொடையில் தட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் அவள் சொன்னாள், “மாஸ்டர், பின்னாடி போலீஸ் வண்டி.”

“வரட்டும். அவங்களுக்கும் இதுதான் ரோடு.”

அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பலகையில் போட்டிருந்த எண்ணிலேயே முள்ளை நிறுத்தினாள். கண்ணாடியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. இரண்டு கிலோமீட்டர் தூரம் அந்த வண்டி பின்னாலேயே வந்தது. பிறகு அதன் விளக்கு சுழல ஆரம்பித்தது. அவள் இண்டிகேட்டர் போட்டாள், ஓரம் கட்டினாள், நியூட்ரலுக்கு மாற்றினாள், ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், எஞ்சினை அணைத்தாள், இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டாள். தேர்வாக இருந்திருந்தால் முழு மதிப்பெண்.

வந்த போலீஸ்காரர் சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார். என்ன தப்பு நடந்தது என்று மாஸ்டர் கேட்டார். வண்டி அளவுக்கு மீறி ஒழுங்காகப் போகிறது, ஓட்டுகிறவர் ஓயாமல் பின்னால் பார்க்கிறார், மறைக்க ஏதாவது இருப்பவர்கள்தான் இப்படி ஓட்டுவார்கள் என்றார் அவர். மாஸ்டர் சிரித்துவிட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே நினைத்தார். அதைத்தான் நான் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூரைமேல் இருந்த எல் போர்டைக் காட்டினார். போலீஸ்காரர் அண்ணாந்து அதைப் பார்த்தார். பிறகு பத்திரங்களைக் கேட்டார்.

அவள் கற்போர் உரிமத்தைக் கொடுத்தாள். அது சரியாக இருந்தது. அடுத்து, நாட்டில் இருப்பதற்கான பத்திரம். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, ரசீதின் நகலை நீட்டினாள். அசல் வக்கீலிடம் இருப்பதாக அந்த ஊர் மொழியிலேயே சொன்னாள். இலக்கணம் பிசகாத மொழிதான், குரல் மட்டும் உள்ளே போயிருந்தது. அவர் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் பக்கம் வந்து, எந்த ஊர் என்றார். மாஸ்டர் தன் தெருவின் பெயரைச் சொன்னார். அதற்கு முன்பு? அதே தெருவில் பழைய வீட்டின் எண்ணைச் சொன்னார். அதற்கும் முன்பு? மாஸ்டர், மனைவி கட்டாயப்படுத்தி வண்டியில் வைக்கச் சொல்லியிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்.

இருபது நிமிடம் இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் போன கார்கள் வேகம் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. போலீஸ்காரர் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை நன்றி சொல்லிக் கொடுத்தார். ஐயா போகலாம், அந்த அம்மா எங்களோடு வர வேண்டும் என்றார். இன்னொரு வண்டியில் ஒரு பெண் போலீஸ் வந்து இறங்கியிருந்தார்.

மாஸ்டர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். பழைய விதியின் எண்ணைச் சொன்னார். வக்கீலின் எண்ணைக் கொடுத்தார், ஒரு போன் செய்யுங்கள் என்று கெஞ்சினார். முப்பது வருடமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன், ஒரு அபராதம்கூட இல்லை என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தெரியவில்லை. போலீஸ்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், குரலை உயர்த்தவே இல்லை. தனக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை, கணினி ‘அனுமதி முடிந்தது’ என்று காட்டினால் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். அழவில்லை. துணி கோணிக்கொள்ளாமல் கொடுக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“மூணு மணிக்கு ஸ்கூல் விடும். அவங்க அப்பா உள்ள போன் எடுத்துட்டுப் போக முடியாது, நாலரைக்கு வெளிய வந்துதான் பார்ப்பார். நீங்க போய் நில்லுங்க அண்ணா. பிள்ளை கேட்டா, அம்மா வேலையில இருக்கான்னு சொல்லுங்க.”

அதுவரை அவள் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

அவளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி போன பிறகும் மாஸ்டர் அசையவில்லை. கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதைத் தன் கால் மிதித்துக்கொண்டே இருந்தது என்று முழங்கால் வலி எடுத்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் குளிர்கிடங்குக்குப் போனார். வேலை நேரத்தில் யாரையும் வெளியே கூப்பிட முடியாது என்று வாசல் காவலாளி சொன்னார். ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தையை அழைத்துப்போக அப்பா, அம்மா இரண்டு பேர்தான் பட்டியலில் இருக்கிறார்கள், மன்னிக்க வேண்டும் என்றார் ஆசிரியை. மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியை ஒரு அடி பின்னால் வைத்தார். விளக்க விளக்க நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் கதவைச் சாத்திவிட்டார், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, செருப்பு மாற்றும் பெஞ்சில் குழந்தை உட்கார்ந்திருந்தது. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். அது காலணியை மாட்டிக்கொண்டது, கழற்றியது, இடம் மாற்றி மாட்டிப் பார்த்தது. அவரை அதற்குத் தெரியாது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. அம்மா வேலையில் இருக்கிறாள் என்று சொல்ல வந்தவர் இரண்டு மணி நேரம் வெளியே நின்றார். அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தபோது மணி ஐந்து. குளிர்கிடங்குச் சட்டையைக்கூட அவர் கழற்றவில்லை.

அவரால் மனைவியைத் தேடிப் போக முடியவில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. அவரிடம் இருந்ததும் அதே ரசீதுதான். குடியேற்றத் துறை அலுவலக வாசலை மிதித்தால் அவரையும் பிடித்து வைப்பார்கள், அப்புறம் குழந்தையை யார் பார்ப்பது என்று வக்கீல் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாஸ்டர் அந்த வாரத்து வகுப்புகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, தானே போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அலுவலர். படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் மாஸ்டர் ‘ஆசிரியர்’ என்று எழுதினார். அப்படி ஒரு பிரிவு இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். கணவன் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர், வக்கீல், இவ்வளவுதான். அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் என்று எழுதிவிட்டால் என்ன? வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுதக் கை துடித்தது. அதற்குச் சான்று இணைக்க வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மூன்றாம் நாள் அவளை ஏழு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். கணவரோடு போனில் பத்து நிமிடம் பேசவிட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மாஸ்டருக்கும் வந்தது: தேர்வை ரத்து செய்வதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாடியே சொல்லணுமாம், இல்லாவிட்டால் அடுத்த தேதி கிடைப்பது கஷ்டமாம், மறந்துவிட வேண்டாமாம். மாஸ்டர் ரத்து செய்யவில்லை, தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். போலீஸ் அறிக்கையின் நகலை வக்கீல் அம்மா கொண்டுவந்து காட்டினார். ‘வண்டி இரு முறை கோட்டைத் தாண்டி விலகியது, அதனால் நிறுத்தப்பட்டது’ என்று இருந்தது. ஒழுங்காக ஓட்டினதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவருடைய மாணவி கோட்டைத் தாண்டுவதா? சாட்சி சொல்வதற்காக ஆறு பக்கம் எழுதினார். சாலையின் அகலம், வேகம், எந்த விளக்குக் கம்பத்தில் போலீஸ் வண்டி தென்பட்டது, அவள் எத்தனை தடவை கண்ணாடி பார்த்திருப்பாள், எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினார். தன் வண்டியை நிறுத்திய அந்த ஐந்து முறையையும் தேதியோடு சேர்த்தார். மனைவி தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனார்.

நீதிமன்ற வராந்தாவில் ஒரு மர பெஞ்ச். காலை பத்து மணியிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொன்றரை வாக்கில் ஒரு பக்கக் கதவு திறந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தொளதொளவென்று ஒரு சாம்பல் நிற உடை. தலைமுடியை ஏதோ துணிக் கிழிசலால் கட்டியிருந்தாள். மாஸ்டர் எழுந்து நின்றார். என்னால்தானே என்று சொல்ல வேண்டும், பெரிய சாலைக்கு நான்தானே கூட்டிப்போனேன் என்று சொல்ல வேண்டும், அதற்காகவே அத்தனை நாள் காத்திருந்தார். 

“அவ்வளவு தூரம் நீங்களே ஓட்டிட்டா வந்தீங்க மாஸ்டர்?” என்று அவள் கேட்டாள்.

அவர் தலையாட்டினார். அதற்குள் காவலர் அவளை நகர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு மணிக்கு வக்கீல் அம்மா வெளியே வந்தார். வண்டியை ஏன் நிறுத்தினார்கள் என்பது இந்த நீதிமன்றத்தின் கேள்வியே இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். அன்றைய தேதியில் அவள் கையில் செல்லுபடியாகும் அனுமதி இருந்ததா, இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி. சாட்சி தேவைப்படவில்லை.

மாஸ்டர் ஆறு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், “அப்போ நான் சொல்றதை யார்கிட்டம்மா சொல்லணும்?”

போலீஸ் துறைக்குப் புகார் எழுதலாம், தொண்ணூறு நாளில் பதில் வரும் என்றார் அவர். மாஸ்டர் எழுதினார். பதில் சொன்ன நாளுக்கு முன்பே வந்தது. விசாரித்ததில் இன அடிப்படையில் நடந்துகொண்டதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்று அச்சடித்திருந்தது. கீழே நன்றி.

ஏழு வாரம் முகாமில் இருந்தாள். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் எட்டு மாதம் வரை உள்ளேயே இருக்க வேண்டி வரலாம் என்று சொன்னார்கள். குழந்தை பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டது. காலையில் காலணி மாட்டிக்கொள்ள மறுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள், தானாகவே நாட்டை விட்டுப் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தானாகவே என்றுதான் அந்தத் தாளில் இருந்தது. மறுவாரம் விமானத்தில் ஏற்றினார்கள். அவள் பெயரில் இருந்த தேர்வுத் தேதியை அன்றுதான் மாஸ்டர் ரத்து செய்தார்.

அடுத்த மாதம் மனுவுக்குப் பதில் வந்தது. கணவருக்கும் குழந்தைக்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டிருந்தது. அவளுடையது, மனுதாரர் நாட்டில் இல்லாததால் முடித்து வைக்கப்பட்டிருந்தது. கணவர் அந்த மூன்று காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மாஸ்டரின் மனைவி டீ கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“நாங்க இருக்கறதா, போறதா? நீங்களே சொல்லுங்க மாஸ்டர்.”

டீயில் ஆடை படிந்தது. கடைசியில் கணவரே, போறதுதான் சரி, பிள்ளைக்கு அம்மா வேணுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

பள்ளி விடுமுறை விட்டதும் அவர்கள் கிளம்பினார்கள். விமான நிலையத்துக்கு மாஸ்டர்தான் கொண்டுபோய் விட்டார். வழியில் குழந்தை முதல் தடவையாக அவரிடம் பேசியது.

“அம்மா இந்தக் காரைத்தான் ஓட்டினாங்களா?”

“ஆமா.”

“நல்லா ஓட்டுவாங்களா?”

“ரொம்ப நல்லா ஓட்டுவாங்க” என்றார் மாஸ்டர். இண்டிகேட்டரைப் போட்டார். அங்கே திரும்பவே வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் போன பத்தாம் நாள், ஓட்டுநர் பள்ளிகளுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து மாஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வண்டியில் ஏற்றிச் செல்வது அதே சட்டத்தின் வேறொரு பிரிவின்படி குற்றம். முதல் முறை என்பதால் எச்சரிக்கை. இனியொரு முறை நடந்தால் பள்ளியின் உரிமம் ரத்து. ‘தெரிந்தே’ என்ற சொல்லை அவர் நாலைந்து தடவை படித்தார். தெரியாது என்று அவரால் சொல்ல முடியாது. தெரிந்துதான் தைரியம் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு முற்றியது. இனிமேல் சேர்க்கும்போதே பத்திரம் கேட்டுவிட வேண்டும் என்றாள் மனைவி. அவள் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவள். எதையும் மில்லிமீட்டர் கணக்கில் யோசிப்பாள். மாஸ்டர் முடியாது என்றார். என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்களே, அதே கேள்வியை நான் இன்னொருத்தரிடம் கேட்பதா என்றார்.

“நீங்க கேக்கலேன்னா நடுரோட்டுல அவங்க கேப்பாங்க. அது பரவாயில்லையா?” என்றாள் அவள்.

வகுப்புகள் குறைந்திருந்தன. செய்தி எப்படியோ பரவியிருந்தது. கடவுளே என்று கண்ணை மூடுகிற அம்மாள் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டார். அவர் மகனிடம் கேட்டதற்கு, அம்மா இப்போது வீட்டை விட்டே அதிகம் வெளியே வருவதில்லை என்றான். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தது இரண்டே பேர். இருவரும் அந்த ஊர்க்காரர்கள், கல்லூரி மாணவர்கள். மாஸ்டர் அவர்களுடைய நேரத்தையும் முகவரியையும் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது. மனைவி உள்ளே சமையலில் இருந்தாள். ஒரு பெண் குரல், தமிழில், கொஞ்சம் கூச்சத்தோடு பேசியது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பீர்கள் என்று அக்கா சொன்னாள், வார நாட்களில் காலை நேரம் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றார். எத்தனை வகுப்பு, எங்கே வந்து ஏற்றிக்கொள்வார் என்பதெல்லாம் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாமா என்றாள்.

மாஸ்டர் பேனாவை எடுத்தார். பெயரை எழுதுவதற்கு முன் கை நின்றது.

“பேப்பர் எல்லாம் சரியா இருக்காம்மா?”

“எந்த பேப்பர் சார்?”

“இங்க இருக்கறதுக்கு... அனுமதி.”

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குழாய் ஓடுவது கேட்டது.

“நான் இங்கேயே பிறந்தவ சார்” என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிச் சொல்லிச் சலித்த குரலாக இருந்தது.

அந்த வாரம் சேர்ந்த இரண்டு பையன்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே தனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் தமிழில் பேசினாள், அதனால் கேட்டிருக்கிறார். இல்லம்மா, அது வந்து, ஒரு விதி இருக்கு என்று ஆரம்பித்தார். வீட்டில் கலந்துபேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

“யாரு போன்ல?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

“ராங் நம்பர்” என்றார் மாஸ்டர்.